விட்டதைப் பிடிக்கும் கணக்குகள்

விளையாட்டுப் பந்தயத்தில் பணம் கட்டுபவர்களிடையே 'சிஸ்டம்' என்ற பெயரில் பல கணக்குகள் புழங்குகின்றன. எந்த அணி ஜெயிக்கும் என்று ஒன்றும் சொல்லாது. தோற்றபின் அடுத்து எவ்வளவு கட்டுவது என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே ஒப்பிட ஒரே கேள்வி போதும்: 100 ரூபாயில் தொடங்கி வரிசையாகப் பத்து முறை தோற்றால் கையை எவ்வளவு கடிக்கும்?

பழையதும் பிரபலமானதும் மார்ட்டிங்கேல். 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் பரவியது. தோற்கத் தோற்கத் தொகையை இரட்டிப்பாக்க வேண்டும். ஒருமுறை ஜெயித்தால் விட்டதெல்லாம் வந்து, மேலே 100 ரூபாய் மிஞ்சும். பத்துத் தோல்வியில் போவது 1,02,300 ரூபாய். அந்த 100 ரூபாய்க்காகப் பதினொன்றாவது முறை 1,02,400 கட்ட வேண்டும். 'பத்து முறையா தோற்பேன்?' என்று தோன்றும். சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் ஆயிரம் பந்தயம் கட்டினால், இடையில் எங்காவது அப்படியொரு வரிசை வருவதற்கு ஏறக்குறைய 38 சதவீத வாய்ப்பு உண்டு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ ரூலெட்டில் கறுப்பே 26 முறை தொடர்ந்து விழுந்தது. இனி சிவப்புதான் என்று கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள்.

விளையாட்டுப் பந்தயத்தில் இதைவிட மோசம். இரு பக்கமும் சமமான பந்தயத்துக்கு நிறுவனங்கள் 2.00 ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டிய ஒரு ரூபாய்க்குத் திரும்பக் கிடைக்கும் தொகை) தருவதில்லை, 1.90 போலத்தான் தரும். 100 கட்டி ஜெயித்தால் லாபம் 90. இப்போது இரட்டித்துப் பாருங்கள்: நான்கு முறை தோற்று 1,500 போய்விட்டது, ஐந்தாவதாக 1,600 கட்டி ஜெயித்தாலும் லாபம் 1,440தான். ஜெயித்தும் 60 ரூபாய் நட்டம்! ஈடுகட்ட இரட்டிப்புக்கும் மேலே போக வேண்டும். அதற்குள் நிறுவனத்தின் உச்சவரம்பு குறுக்கே வந்து நிற்கும்.

ஃபிபனாச்சி முறை சற்று நிதானமானது. 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறும். பத்துத் தோல்வியில் 14,300 போகும். கால்பந்தில் டிரா மீது இதைப் பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. ஆட்ஸ் 2.618க்கு மேல் இருந்தால் ஒரே வெற்றியில் விட்டதெல்லாம் திரும்பிவிடும் என்பார்கள். கணக்கு சரிதான், பிழையே இல்லை. ஆனால் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஏறத்தாழ நான்கில் ஓர் ஆட்டம்தான் டிரா ஆகிறது. அப்படியானால் அடுத்தடுத்த பத்து ஆட்டங்களில் டிராவே வராமல் போகும் வாய்ப்பு 5.6 சதவீதம், அதாவது பதினெட்டில் ஒன்று. நான்கில் ஒரு வாய்ப்புக்கு நியாயமான ஆட்ஸ் 4.00, கிடைப்பதோ பெரும்பாலும் அதற்குக் கீழே.

தோற்றால் ஒரு படி ஏறி, ஜெயித்தால் ஒரு படி இறங்கும் டாலம்பேர் முறையில் பத்துத் தோல்விக்கு 5,500 போகும். எண்களை எழுதி அடித்துக்கொண்டே போகும் லபூஷேர் காகிதத்தில் அழகு. தோற்கத் தோற்க வரிசை நீண்டு தொகை ஏறிக்கொண்டே போகும். ஜெயித்தால் மட்டும் ஏற்றும் பரோலியில் பத்துத் தோல்விக்கு ஆயிரம்தான், எப்போதும் ஒரே தொகை கட்டுவதைப் போலவே.

கையிருப்பில் ஒரு சதவீதம் என்று கட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும்: 10,000 வைத்திருப்பவருக்குப் பத்துத் தோல்வியில் 956 ரூபாய். தோற்கும்போது தொகை தானாகவே சுருங்குவதால் இதுதான் இருப்பதில் பத்திரமானது. கட்டியே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றைத்தான். பத்திரம் என்றால் மெதுவாகத் தேயும் என்று பொருள், லாபம் வரும் என்றல்ல.

ஏனென்றால் 1.90க்குக் கட்டுபவர் நூற்றில் 53 முறையாவது ஜெயித்தால்தான் நட்டமில்லாமல் தப்பலாம். பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட சூத்திரம், வாய்ப்பு நமக்குச் சாதகமாக இருந்தால் எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும். பாதிக்குப் பாதி ஜெயிப்பவர் 1.90ஐ அதில் போட்டுப் பார்த்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். கட்டாதே என்று பொருள். நட்டத்தில் ஓடும் பந்தயங்களை எந்த வரிசையில், எந்தத் தொகையில் கட்டினாலும் கூட்டுத்தொகை லாபமாக மாறாது. ஏற்றுமுறைகள் பல சின்ன வெற்றிகளைக் காட்டி, நட்டத்தை ஒரே நாளுக்குச் சேர்த்து வைக்கின்றன.

இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது; மேலே உள்ள ஒப்பீடு, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான். எங்கிருந்தாலும், விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கும் எண்ணம் வந்துவிட்டால் சிஸ்டத்தை மாற்றிப் பார்க்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இந்தியாவில் இருந்தால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.