பெய்ஜிங் சொல்லும் மணி

கேள்வி: இத்தனை அகலமான சீனாவில் நாடு முழுவதும் ஒரே நேரமாமே, ஏன்?

பதில்: அரசியல்தான். 1949க்கு முன் அங்கே ஐந்து நேர மண்டலங்கள் இருந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு பெய்ஜிங் நேரமே எல்லோருக்குமானது. மேற்குக் கோடியிலுள்ள காஷ்கரில் டிசம்பரில் சூரியன் தலைகாட்டக் காலை 10 மணி தாண்டிவிடும். நிர்வாகத்துக்கு ஒரே நேரம்தானே வசதி, இந்தியாவிலும் அப்படித்தானே என்பீர்கள். வசதிதான். ஆனால் இந்தியா தன் நேரத்துக்கு எடுத்துக்கொண்டது ஏறத்தாழ நடுவில் ஓடும் 82.5 பாகைக் கோட்டை. சீனாவோ கிழக்கோரத்துத் தலைநகரை. (நடுக்கோட்டை எடுத்தும் இந்தியாவில் அசாம் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முந்தியே விழிக்கின்றன.) நிர்வாகத்துக்கு ஒரே நேரம் கட்டாயமும் இல்லை: ரஷ்யா 11 மண்டலங்களை வைத்துக்கொண்டும் ரயில் விடுகிறது. சீனாவிலேயே, காஷ்கர் இருக்கும் ஷின்ஜியாங்கில் உய்குர் மக்கள் பலர் தங்களுக்குள் இன்னமும் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தையே புழங்குகிறார்கள்.