காளானுக்கும் ஊர் உண்டு

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் காளானில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மலர்க்குழுவில் இருந்த சீனியர் அண்ணனும் அதைத்தான் கேட்டார். லேத்தைப் பற்றி எழுத நம் வகுப்பிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். என் வீட்டில் நடந்ததை எழுத நான் ஒருத்தன்தான்.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம். அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். மழை வந்தால் லோடு இல்லை, லோடு இல்லாவிட்டால் கூலி இல்லை. அந்த நேரம் பார்த்து என் தம்பி, காலி மனைப் புல்லிலிருந்து ஒரு பை நிறையக் காளான் பறித்து வந்தான். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில், தண்டில் மோதிரம் மாதிரி ஒரு வளையம். அதை மேலும் கீழும் நகர்த்தக்கூட முடிந்தது. கறி எடுக்க முடியாத வாரம் என்பதால் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அப்பாயி மட்டும் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பக்கத்துக் காளான் இல்ல சாமி" என்றது. அப்பாயி பிறந்தது துறையூர்ப் பக்கம். புற்றுக்காளான் எந்த இடியில் முளைக்கும், எந்த வேலிக்குப் பின்னால் முளைக்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

அதற்கு முந்தின வாரம்தான் அதே தெருவில் ஒரு வீட்டில் காளான் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வீடே வாந்தி எடுத்தது. எல்லோருக்கும் சலைன் ஏற்றினார்கள். அம்மாவோ, "அது வேற காளான்டா. மஞ்சள் போட்டுக் கொதிக்க வச்சு, மெட்டியைப் போட்டுப் பாப்போம். கறுக்கலைன்னா ஒண்ணும் செய்யாது" என்றார்கள். நான் ஒரே ஒரு ராத்திரி பொறுங்கள் என்றேன். "பாலிடெக்னிக் போனா காளான் பாஷையும் தெரியுமாடா?" என்று அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் எட்டாவதைத் தாண்டியது நான் ஒருத்தன்தான். அதனால் என் பேச்சுக்கு மரியாதை உண்டு, ஆனால் அடுப்படி வரைக்கும் அது செல்லாது. அப்பாயி என் பக்கம் நின்றதால்தான் அன்றைக்குச் சட்டி அடுப்பில் ஏறவில்லை.

நான் செய்தது பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் காட்டிக்கொடுத்த வேலை. முற்றின காளானின் தண்டை வெட்டிவிட்டு, குடையை, அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள் கீழே பார்க்கும்படி காகிதத்தில் வைக்க வேண்டும். காகிதம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. (வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாதல்லவா!) காற்றுப் படாமல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி, காலையில் எடுத்தால் காளானின் வித்துகள் கொட்டி, செவுளின் படம் அப்படியே பதிந்திருக்கும். இதை வித்துப் பதிவு என்கிறோம். குடையின் நிறம் மழைக்கும் வெயிலுக்கும் மாறும். வித்தின் நிறம் அப்படிச் சட்டென்று மாறாது.

காலையில் எடுத்தோம். காகிதத்தில் மங்கின பச்சை. அப்பாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "பாசி புடிச்ச மாதிரில்ல இருக்கு" என்றது. பையில் இருந்ததை அம்மாவே கொண்டுபோய்க் குழியில் போட்டார்கள்.

பச்சை வித்துக் கொட்டும் பெரிய காளான் அபூர்வம். இது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். 1818-ல் தென் அமெரிக்காவின் எஸ்ஸெக்கிபோ ஆற்றுப் பகுதியிலிருந்து முதன்முதலில் எழுதி வைக்கப்பட்ட காளான். இன்று வெப்ப நாடுகளில் எங்கே புல்தரை உண்டோ அங்கே முளைக்கிறது. சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி, பேதி. இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருப்பதால்தான் ஏமாந்து போகிறோம்.

ஊர் விட்டு ஊர் வந்த காளானை நான் முதலில் பார்த்தது ஊட்டியில், முதல் வருட டூரில். பைக்காரா போகிற வழியில் பைன் மரங்களுக்கு அடியில், சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி. கதைப் புத்தகத்துப் படம் மாதிரியே! அமானிட்டா மஸ்காரியா என்கிற அதன் சொந்த இடம் ஐரோப்பாவும் வட ஆசியாவும். பைன் வேரோடு இந்த வகைக் காளான் நூல்நூலாகப் பின்னிக்கொண்டு, மண்ணிலிருந்து மரத்துக்குச் சத்து எடுத்துக் கொடுக்கும், மரத்திடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட கூட்டாளி இல்லாத புது மண்ணில் பைன் கன்று தேறாது. ஆகவே மரம் போகிற இடத்துக்கு வேர்மண்ணோடு காளானும் போகிறது. இதனால் நமக்கு ஒரு லாபம் உண்டு. அந்தச் சிவப்புக் காளானை ஸ்ரீரங்கத்துத் தென்னந்தோப்பில் பார்த்ததாக யாராவது சொன்னால், முதலில் "பக்கத்தில் என்ன மரம்?" என்று கேளுங்கள். வாழையும் தென்னையும் அதற்குச் சோறு போடாது.

இதைவிடக் கொடியது டெத் கேப் என்கிற அமானிட்டா பலாய்டிஸ். ஐரோப்பாவின் ஓக் மரத்தோடு கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. கான்பெராவில் ஊரை அழகுபடுத்த நட்ட ஓக் மரங்களின் அடியில் அது முளைக்கிறது. அங்கே 2011 டிசம்பர் 31 இரவு விருந்தில் அதைச் சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் 2012 ஜனவரியில் இறந்துபோனார்கள். நம் வைக்கோல் காளானை மொட்டாக இருக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? முட்டை மாதிரி உறை, விரிந்த பிறகு அடியில் கிண்ணம். டெத் கேப்புக்கும் அதே உறை, அதே கிண்ணம்! ஆசியாவிலிருந்து அங்கே போய்க் குடியேறினவர்கள் ஏமாறுவது இதனால்தான். வைக்கோல் காளானின் வித்துப் பதிவு இளஞ்சிவப்பு, தண்டில் வளையம் கிடையாது. டெத் கேப்பின் பதிவு வெள்ளை, வளையம் உண்டு. மொட்டாக இருக்கும்போது இரண்டும் தெரியாது.

அந்த விஷம் கொதித்தாலும் போகாது. மெட்டியும் கறுக்காது, பூண்டும் நிறம் மாறாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி வரும். பிறகு ஒரு நாள் சரியானது மாதிரி காட்டிவிட்டு ஈரலைப் பிடிக்கும். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். சாப்பிட்டு நேரம் கழித்து வாந்தி வந்தால், மிச்சக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "இப்பப் பரவாயில்லை" என்று திரும்பி வரக்கூடாது.

சரி, ஒரு காளானின் ஊர் இதுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967-ல் மேத்யூ பாதிரியார் தொடங்கியது. அங்கே உலர்த்தி ஒட்டிய செடி ஒவ்வொன்றிலும் எந்த இடம், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று சீட்டு இருக்கும். அந்த மாதிரிச் சீட்டுகள் சேர்ந்ததுதான் வரைபடம். ஆக, வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஒன்று கிடைத்தால், அது புதிதாக வந்திருக்கலாம். அல்லது அந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் விட்டிருக்கலாம். பால் காளானை 1974-ல் மேற்கு வங்காளத்திலிருந்து புர்காயஸ்தாவும் சந்திராவும் எழுதினார்கள். வங்காளத்துச் சரக்கு என்று ஒதுக்காமல், நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணமூர்த்தி அதை வளர்க்கும் முறை கண்டார். 1998-ல் ஏ.பி.கே-2 என்ற ரகமாக வெளிவந்தது. 30, 35 டிகிரி வெயிலிலும் விளைகிற அந்தக் காளான்தான் இன்றைக்கு நம் கடைகளில் பாக்கெட்டாகத் தொங்குகிறது.

புதுக் காளான் கண்ணில் பட்டால், ஒரு கூட்டமாக முளைத்திருப்பதில் ஒன்றை மட்டும் அடிமண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். பக்கத்தில் ஸ்டீல் ரூலை வைத்து மேலேயும் அடியிலேயும் போட்டோ எடுங்கள். மரம், மண், தேதி எழுதிக்கொள்ளுங்கள். வித்துப் பதிவு எடுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் அழுகிவிடும், காகிதத்தில் சுற்றுங்கள். பிறகு தாவரவியல் துறையில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். போட்டோவை மட்டும் பார்த்து "சாப்பிடலாம்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். அது நானாக இருந்தாலும் சரி.

கார்த்திகையில் அப்பாயி துறையூர் போய்ப் புற்றுக்காளான் கொண்டுவந்தது. தண்டு வேர் மாதிரி கீழே நீண்டு, கறையான் புற்றுக்குள் போகிறதா என்று தோண்டிப் பார்த்துத்தான் எடுக்குமாம். எந்தப் புத்தகமும் படிக்காமலே அந்த அடையாளத்தை அது பிடித்து வைத்திருக்கிறது! வந்ததும் முதல் வேலையாக என்னிடம் ஒன்றை நீட்டி, "உன் காயிதத்துல வையி" என்றது. காலையில் இளஞ்சிவப்பாகப் பதிந்திருந்தது. மற்றதெல்லாம் குழம்பானது. உப்புதான் கொஞ்சம் தூக்கல்.