கல்லூரியா, அப்ரெண்டிஸ் பட்டமா? போடிமெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ப்ளஸ் டூ முடித்த பிள்ளையிடம் எல்லோரும் மார்க்கைத்தான் கேட்பார்கள். போடிமெட்டு வட்டாரத்தில் நான் முதலில் கேட்பது வேறு: ஆறாம் வகுப்பிலிருந்து செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கம் படித்தாய்? பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே போடி. மேலே ஏறி எல்லையைத் தாண்டிவிட்டால் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல், சூரியநெல்லி. இரண்டு பக்கமும் சொந்தபந்தம்தான். காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற அக்காவும், மேலே லயத்தில் குடியிருக்கிற தங்கையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். ஆனால் இருவரின் மகள்களுக்கும் கிடைக்கிற வாய்ப்புகள் ஒன்றல்ல.

கீழே, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதற்கு மேல் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைக்கும் என்றால் அதை விட்டுவிட்டு அப்ரெண்டிஸ் பட்டத்துக்குப் போகாதீர்கள். போடியிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. படித்து முடித்த பிறகும் அப்ரெண்டிஸ் ஆகலாம். விட்ட ஒதுக்கீடு திரும்ப வராது.

மேலே படித்தவர்களுக்கு இந்தச் சலுகைகள் இல்லை. பட்டியல் சாதிக் குடும்பமாக இருந்தால் இன்னொரு முடிச்சும் உண்டு. 1950இல் பட்டியல் வெளியானபோது முன்னோர்கள் கேரளப் பகுதியில் குடியிருந்ததாகக் காட்ட முடியாதவர்களுக்கு அங்கே சாதிச் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் கேரளத்தின் மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மூன்று தலைமுறையாகத் தேயிலையும் ஏலமும் பறித்துக் கொடுத்த குடும்பத்தின் பிள்ளை பொதுப்பிரிவில் நிற்க வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை, ஆனாலும் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துத்தான் போட வேண்டும். எனவே மேல்பக்கத்துப் பிள்ளைக்கு அப்ரெண்டிஸ் பட்டம் கூடுதல் கவனத்துக்கு உரியது.

அது என்ன பட்டம்? கல்லூரியில் சேர்ந்து படிக்கிறீர்கள். சில செமஸ்டர்கள் வகுப்புக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தில் வேலை பழகுகிறீர்கள். அந்த வேலைக்கும் மதிப்பெண், கையில் உதவித்தொகை. இங்கிலாந்தில் 2015இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளை முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் ஊழியர், படிப்புக் கட்டணமும் அவருடையதல்ல. நம் ஊர் ஏற்பாடு அவ்வளவு தாராளம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2025 வழிகாட்டுதல்படி மூன்றாண்டுப் பட்டத்தில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர், நான்காண்டுப் பட்டத்தில் இரண்டு முதல் நான்கு செமஸ்டர் வரை அப்ரெண்டிஸ் காலம் இருக்கலாம். கேரளப் பல்கலைக்கழகங்கள் 2024 முதல் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறியிருப்பதால் அங்கே நீண்ட காலம் பழக இடம் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் இது இல்லை. விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்: எந்தப் பாடத்துக்கு, எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம், போன வருடம் எத்தனை பேர் போனார்கள்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 2019 விதிகளின்படி பட்டப்படிப்பு அப்ரெண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, ப்ளஸ் டூவோடு நேராகத் தொழிற்கூடம் போகிறவருக்கு 7,000. இதை 36 விழுக்காடு உயர்த்தச் சொல்லி 2025 மே மாதம் மத்திய அப்ரெண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. சேரும் நாளில் நடப்புத் தொகை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். 9,000 என்றதும் வீட்டில் முகம் மலரும். ஆனால் மெட்டைச் சுற்றி இருப்பவை ஏலத்தோட்டம், ஏலக்காய் ஸ்டோர், ரிசார்ட். சட்டப்படி கட்டாயமாக அப்ரெண்டிஸ் எடுக்க வேண்டியது முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள்தான். அவை பெரும்பாலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கின்றன. அங்கே அறை வாடகையும் சாப்பாடும் போனால் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம்தான். தங்குமிடம், கேன்டீன், பஸ் மூன்றையும் நிறுவனம் கொடுக்கிறதா என்பது உதவித்தொகைக்குச் சமமான கேள்வி.

வேறு சில வழிகளும் உண்டு. கணக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு எச்சிஎல்லின் டெக்பீ: ப்ளஸ் டூ முடிந்ததும் பயிற்சி, பிறகு வேலை, வேலையோடு பட்டம். மதுரையில் அந்த நிறுவனத்தின் வளாகம் இருப்பது நமக்கு வசதி. பயிற்சிக் கட்டணம், இடையில் விலகினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். ஜோஹோவின் பள்ளி தென்காசிப் பக்கம் இருக்கிறது. கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு, ஆனால் பட்டம் இல்லை. அரசுத் தேர்வு எழுதும் ஆசை இருந்தால் அது சரிப்படாது. கை வேலையில் ஆர்வமுள்ளவர்களுக்குச் சாண்ட்விச் டிப்ளமோவும் ஐடிஐயும் நல்ல வழி. டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டுப் பொறியியலில் சேரலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆசிரியராக விரும்புகிறவர்கள் மட்டும் வழக்கமான பி.ஏ., பி.எஸ்சி.யிலேயே இருங்கள். புதுப் பெயர் கொண்ட பட்டங்களுக்குச் சமநிலை அரசாணை தேடி அலைவது தமிழ்நாட்டில் பழைய கதை. மூணாறு அரசுக் கல்லூரியோ போடி ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியோ போதும்.

அப்ரெண்டிஸ் என்று முடிவு செய்தவர்கள் ஒப்பந்தத் தாளைக் கவனியுங்கள். 1961 சட்டப்படி அப்ரெண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்லர். முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் அரசின் அப்ரெண்டிஸ் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் 'டிரெய்னி' என்று மட்டும் அழைத்தால், அங்கே நீங்கள் மலிவான கூலியாள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தென்மண்டல அப்ரெண்டிஸ் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, கேரளத்துக்கும் அதுதான். மாணவர் பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. சேர்த்துவிடுகிறேன் என்று எந்த ஏஜென்ட் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.