புலால் மறுத்தோரும் ஹோமோசிஸ்டீனும்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘ஹோமோசிஸ்டீன் மிகுதி’ என்னும் குறிப்பைக் கண்டு, இது புற்றுநோயின் அறிகுறியோ என்று கலங்குவோர் உளர். ஏதோ ஓர் எண் என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். புலால் மறுத்து வாழும் நம் குடும்பங்களில் இக்குறிப்பு காணப்படும் வாய்ப்பு மிகுதியாதலால், இதன் பொருளை நாம் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நன்று.

ஹோமோசிஸ்டீன் உடலினுள்ளே உண்டாகும் பொருள். பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அது உடலின் பல பணிகளுக்காக மெத்தில் என்னும் சிறு கூறினை ஈந்தபின், ஹோமோசிஸ்டீனாக மாறுகிறது. ஃபோலேட், பி12 ஆகிய உயிர்ச்சத்துக்களின் துணையால் அது மீண்டும் மெத்தியோனின் ஆகும். பி6 துணைநின்றால் வேறொரு பொருளாக மாறிப்போகும். இச்சத்துக்கள் குறைந்தால் இரத்தத்தில் தேங்கும். லிட்டருக்கு 15 மைக்ரோமோலுக்கு மேற்பட்டால் மிகுதி எனக் கொள்வது பொது வழக்கு. சிறுநீரக நோயாலும் தைராய்டு குறைவாலும் இது உயரலாம்.

இதற்கும் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வுக்கும் உள்ள தொடர்பு யாது? டி.என்.ஏ. நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு போன்றது. அவற்றுள் தைமின் என்னும் எழுத்தை ஆக்க ஃபோலேட் வேண்டும். பி12 குறைந்தால், உள்ள ஃபோலேட்டும் பயன்படாத வடிவில் முடங்கிவிடும். அப்போது தைமின் இருக்கவேண்டிய இடத்தில் யுராசில் என்னும் பிற எழுத்து புகுகிறது. உடல் அப்பிழையை வெட்டியெடுத்துத் திருத்துகிறது. ஓலைச்சுவடியில் ஒரே இடத்தை எழுத்தாணியால் மீண்டும் மீண்டும் திருத்தினால் ஓலையே கிழியும் அன்றோ? அவ்வாறே, அருகருகே வெட்டுகள் மிகுந்தால் டி.என்.ஏ. இழை முறிகிறது. ஃபோலேட் குறைந்தோரிடம் இந்நிலையை அமெரிக்க அறிஞர் புரூஸ் ஏம்ஸ் குழுவினர் 1997-இல் எடுத்துக்காட்டினர். மேலும், மெத்தில் குறைவதால் எந்த மரபணு இயங்கவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்னும் கட்டுப்பாடும் தளரக்கூடும். இவ்விரண்டும் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியவை.

ஆயினும், ஹோமோசிஸ்டீன் உயர்ந்தோர் யாவர்க்கும் புற்றுநோய் வரும் என்பதில்லை. அதனைச் சத்துக்குறைவை அறிவிக்கும் மணியோசையாகக் கொள்வதே பொருந்தும். நார்வே நாட்டில் இதய நோயாளர்க்கு ஃபோலிக் அமிலமும் பி12-உம் அளித்து ஆராய்ந்தபோது ஹோமோசிஸ்டீன் குறைந்தது, புற்றுநோய் குறையவில்லை. 2009-இல் வெளியான முடிவின்படி, அவற்றை உண்டோரிடம் புற்றுநோய் சற்று மிகுந்தே காணப்பட்டது. குறைவை நிரப்புதல் வேறு. அளவின்றி உண்ணுதல் வேறு.

சோளிங்கர் வட்டாரத்தார் மருத்துவத்திற்கு நாடிச்செல்லும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இத்துறை பற்றி ஓர் அரிய ஆய்வு நடந்துள்ளது. சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்களுள் சில பி12-ஐ ஆக்கவல்லவை என ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 1980-இல் வெளியிட்டனர். இதனை நம்பி நாம் வாளாவிருத்தல் ஆகாது. புனே நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 441 ஆண்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், 67 விழுக்காட்டினர்க்கு பி12 குறைவும், 58 விழுக்காட்டினர்க்கு ஹோமோசிஸ்டீன் மிகுதியும் இருந்தன. புலால் உண்ணாதோரிடமே பி12 குறைவு மிகுந்திருந்தது.

இதனால் நம் உணவுநெறி குறையுடையது என்று கருதவேண்டா. கீரையும் பருப்பும் ஃபோலேட்டைத் தருகின்றன; கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டாதிருத்தல் வேண்டும். இச்சத்துக்களுள் தாவர உணவில் கிட்டாதது பி12. நாளொன்றுக்கு வேண்டுவது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். 100 மில்லி பாலில் சுமார் 0.4 மைக்ரோகிராம் உண்டு. ஆகவே பாலும் தயிருமாக அரை லிட்டர் கொள்வோர்க்குத் தேவையின் பெரும்பகுதி கிட்டும். நீர்மோர் மட்டும் அருந்துவோர்க்கு அது போதாது. பாலையும் விலக்கியோர், முதியோர், கருவுற்ற மகளிர், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உண்போர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டு பி12 அளவைப் பரிசோதித்தல் நலம். கைகால் மரத்தல், நாக்குப்புண், நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றின் காலந்தாழ்த்தலாகாது. பி12 குறைந்தோர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால் சோகை மறையும். நரம்புச் சேதமோ உள்ளே வளரும்.

மாத்திரை உண்பது நோன்புக்கு ஏற்குமோ என்னும் ஐயம் எழலாம். பி12 நுண்ணுயிர்களைப் பெருக்கி ஆக்கப்படுவது, இறைச்சியிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஆனால் கேப்ஸ்யூல் உறைகள் பலவும் விலங்கின் தோல், எலும்பு இவற்றிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனவை. எனவே உறையில்லா மாத்திரையைக் கேட்டுப் பெறலாம். சேர்மானங்களையும் வினவி அறியலாம். கொல்லாமையைக் காப்போர், அதனை இயற்றும் கருவியாகிய உடலையும் காத்தல் கடன். அறிக்கையில் உள்ள எண்ணைக் கண்டு அஞ்சாமல், காரணத்தை அறிந்து, அளவறிந்து உண்டு நலம் பெறுவோமாக.