கலைப் படங்களில் நம்பிக்கையும் அற்புதமும்

பக்திப் படங்களில் அற்புதம் நிகழ்வது நமக்குப் புதிதன்று. புகை எழும், மணி ஒலிக்கும், தெய்வம் தோன்றும். அங்கே நாம் கைகூப்புகிறோமே தவிர வியப்படைவதில்லை. அற்புதம் நிகழும் என்பது முன்பே தெரிந்ததுதானே! கலைப் பட இயக்குநருக்கோ சிக்கல் வேறு. நம்பாதவனும் அமர்ந்திருக்கும் அரங்கில் அற்புதத்தை எவ்வாறு காட்டுவது? இவ்வினாவை எதிர்கொண்ட இரு படங்களை ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம்.

வார்த்தை

டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் டிரேயர் 1955இல் எடுத்த படம் 'ஓர்டெட்'. 'வார்த்தை' என்பது இதன் பொருள். காய் மூங்க் என்னும் பாதிரியார் எழுதிய நாடகமே இதற்கு மூலம். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது பெற்றது.

போர்கன் பண்ணையின் முதியவர் மார்ட்டனுக்கு மூன்று மக்கள். மூத்தவன் மிக்கலுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இரண்டாமவன் யோஹான்னஸ் இறையியல் கற்று, சித்தம் கலங்கி, தன்னையே கிறிஸ்து என்கிறான். இளையவன் ஆண்டர்ஸ் காதலிக்கும் பெண்ணின் தந்தையோ வேறொரு சமயப் பிரிவினர். பெண் தர மறுக்கிறார். மிக்கலின் மனைவி இங்கர் பிள்ளைப்பேற்றில் இறக்கிறாள். மருத்துவர் அறிவியலை நம்புகிறார். புதிதாக வந்த பாதிரியாரோ இக்காலத்தில் அற்புதங்கள் நிகழா என்கிறார்.

சித்தம் கலங்கிய நிலையில் யோஹான்னஸ் அவளை எழுப்ப முயன்று தோற்கிறான். தெளிந்து திரும்பியபின், "அவளைத் திருப்பித் தரும்படி உங்களில் ஒருவரும் கடவுளிடம் கேட்கவில்லையே" என்னும் கருத்துப்படக் கடிந்துகொள்கிறான். இங்கரின் சிறுமகள் மட்டும் ஐயமின்றிக் கேட்கிறாள். இறந்தவள் கண் விழிக்கிறாள்.

இங்கே தந்திரக் காட்சி ஏதுமில்லை. நீண்ட காட்சிகள், வெண்ணிறச் சுவர்கள், மெல்லிய பேச்சு, கடிகார ஒலி, இவ்வளவே. அன்றாட வாழ்வை அத்துணைப் பொறுமையோடு காட்டியதால்தான் முடிவில் அற்புதமும் அன்றாட நிகழ்ச்சிபோல் நம்பும்படி அமைகிறது.

தேவி

சத்யஜித் ராயின் 'தேவி' (1960) இதற்கு நேர்மாறானது. களம் 19ஆம் நூற்றாண்டு வங்காளம். தன் மருமகள் தயாமயி காளியின் அவதாரம் என்று மாமனார் கனவு காண்கிறார். அவள் பூசைக்கு உரியவளாகிறாள். நோயுற்ற சிறுவன் ஒருவன் அவள்முன் கிடத்தப்பட்டுப் பிழைக்கிறான். அது அருளா, தற்செயலா? ராய் விடை கூறவில்லை. ஆனால் அந்த ஒரு நிகழ்ச்சியே ஊரைக் கட்டிப்போடுகிறது. தயாமயிக்கே தன்மேல் ஐயம் பிறக்கிறது. பின்னர் அவள் உயிராய் நேசித்த, கணவனின் அண்ணன் மகனான சிறுவன் கோகா, அவள் அருளை நம்பி அவளிடம் விடப்பட்டு இறக்கிறான். அவளும் சித்தம் கலங்குகிறாள்.

முடிபு

ஒரு படத்தில் நம்பிக்கை உயிர் தருகிறது. மற்றொன்றில் உயிரைப் பறிக்கிறது. ஆயின் டிரேயரை நாத்திகத்தின் பகைவர் என்றும், ராயைச் சமயத்தின் பகைவர் என்றும் கொள்வது பொருந்தாது. சிறுமியின் நம்பிக்கை அன்பினால் கேட்கிறது, எவரையும் அடிமைப்படுத்தவில்லை. மாமனாரின் நம்பிக்கையோ தயாமயியின் விருப்பத்தை ஒருமுறையேனும் கேட்டதில்லை. நம்பலாமா, கூடாதா என்பதைவிட, நம் நம்பிக்கையின் சுமையை யார் தலையில் ஏற்றுகிறோம் என்பதே இவ்விரு படங்களும் நம்முன் வைக்கும் வினா எனலாம்.