வழி அட்டவணை

தொலைவிலுள்ள நண்பனுக்கு மடல் ஒன்று எழுதி அஞ்சற்பெட்டியில் இடுகின்றோம். அம்மடல் நேரே அவன் இல்லத்தை அடைந்துவிடுவதில்லை. இடையிலுள்ள அஞ்சல் நிலையம் ஒவ்வொன்றும் முகவரியைப் பார்த்து, அடுத்து எந்நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும் என்று முடிவு செய்கின்றது. மடல் செல்லும் முழு வழியையும் எந்த ஒரு நிலையமும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த படியை அறிந்தாற் போதும். கணிப்பொறி வலையமைப்பும் இம்முறையிலேயே இயங்குகின்றது.

கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் சேரவேண்டிய இடத்தின் ஐ.பி. முகவரி இருக்கும். பெருவழக்காயுள்ள நான்காம் பதிப்பு முகவரி 32 பிட்டுகளால் ஆனது. அதனைப் புள்ளிகளாற் பிரிந்த நான்கு எண்களாக எழுதுவர். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். பல வலையமைப்புகளை இணைக்கும் ரூட்டர்களும், அப்பணியையும் சேர்த்துச் செய்யவல்ல சுவிட்சுகளும் இம்முகவரியை நோக்கியே பொட்டலங்களை அனுப்புகின்றன. எம்முகவரிக்கு எவ்வழி என்று அவை குறித்து வைத்திருக்கும் பட்டியலே வழி அட்டவணை எனப்படும்.

இவ்வட்டவணையைக் காண்பது எளிது. சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்சாயின், ‘ஷோ ஐபி ரூட்’ என்னும் கட்டளையைத் தட்டச்சுச் செய்தாற் பட்டியல் திரையில் தோன்றும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எழுத்து நிற்கும். ‘சி’ என்பது சுவிட்சோடு நேரே இணைந்த வலையமைப்பு. ‘எஸ்’ என்பது பொறியாளர் தம் கையால் எழுதிய நிலையான வழி. ‘ஓ’ என்பது ஓ.எஸ்.பி.எஃப். முறையில் அண்டைக் கருவிகளிடமிருந்து கற்ற வழி. ஒரே இடத்திற்கு இருவர் இருவேறு வழி கூறினால் யாரை நம்புவது? அதற்கும் எண் உண்டு. பொதுவாக நிலையான வழிக்கு 1, ஓ.எஸ்.பி.எஃப். வழிக்கு 110 எனக் குறித்திருப்பர். எண் சிறியதாயின் நம்பிக்கை பெரிது.

மற்றொரு விதியும் உண்டு. ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்துமாயின், முகவரியை மிகுதியாகக் குறுக்கிக் காட்டும் வரியே கொள்ளப்படும். ஊரை மட்டும் கூறும் குறிப்பினும் தெருவைக் கூறும் குறிப்பு சிறந்ததன்றோ?

நல்ல இவ்விதியே ஒருமுறை பெருந்தொல்லைக்கு இடமாயிற்று. 2008ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள், அரசின் ஆணைப்படி யூடியூப் தளத்தைத் தம் நாட்டில் மட்டும் தடுக்கக் கருதிய பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், அத்தளத்தின் 256 முகவரிகளுக்கு ஒரு வழியைக் குறித்தது. அவ்வழி ஹாங்காங்கிலுள்ள நிறுவனம் ஒன்றின் வாயிலாக வெளியுலகிற்கும் பரவிவிட்டது. யூடியூபோ 1,024 முகவரிகளை ஒருசேர அறிவித்திருந்தது. குறுகிய அறிவிப்பையே கருவிகள் ஏற்றுக்கொண்டன. உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அத்தளத்தைக் காண இயலவில்லை. அட்டவணையின் ஒரு வரி எத்துணை ஆற்றலுடையது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இனி, அழித்தலைப் பற்றி அறிவோம். ‘கிளியர் ஐபி ரூட்’ என்று எழுதி, ஒரு வலையமைப்பின் முகவரியைச் சேர்த்தால் அந்த ஒரு வரி மட்டும் நீங்கும். முகவரிக்கு மாறாக விண்மீன் குறியை இட்டாலோ அட்டவணை முழுவதும் துடைக்கப்படும். பின்னர்ச் சுவிட்சு தன் அமைப்புக் குறிப்பையும் அண்டைக் கருவிகளிடம் கற்றவற்றையும் கொண்டு அதனை மீண்டும் நிரப்பிக் கொள்ளும். ஆயினும், அது நிரம்பும்வரை பொட்டலங்கள் வழியறியாது வீழ்ந்துபடலாம். ஒரு மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். நோயாளியின் சோதனைக் குறிப்பை மருத்துவர் காத்து நோக்கும் வேளையில், ஒரு வரியின் பிழைக்காக எல்லா வழிகளையும் அழிப்பது அறிவுடைமையாகுமா?

அன்றியும், அழித்தல் ஒன்றே பிழையைத் தீர்த்துவிடாது. தவறான நிலைவழி அமைப்புக் குறிப்பில் இருக்குமாயின், அழித்த வரி மீண்டும் வந்து அமரும். அண்டைக் கருவி தவறாக அறிவித்துக்கொண்டிருந்தாலும் அவ்வாறே நிகழும். எனவே, தேர்ந்த பொறியாளர் முதலில் அட்டவணையைக் கண்டு, அதன் படியொன்றை எடுத்து வைப்பார். பிழையான வரி எது, அஃது எங்கிருந்து வந்தது என்று ஆராய்வார். பிழையின் பிறப்பிடத்தைத் திருத்துவார். தேவையாயின் அவ்வொரு வரியை மட்டும் அழிப்பார். முடிவில் மீண்டும் கண்டு தெளிவார்.

மாணவர்களே! அழிக்கும் கட்டளையை எழுத ஒரு நொடி போதும். எதனை அழிக்கின்றோம் என்று அறிவதற்கே பொறுமையும் பயிற்சியும் வேண்டும். கண்டபின் அழிப்பவர் பிழையை நீக்குவர். காணாது அழிப்பவர் பிழையோடு நல்வழிகளையும் நீக்கிவிடுவர்.