ஆஃப்சைடு: தவறா, திசையா?

கேள்வி: காற்பந்தில் ஆஃப்சைடு என்றால் கொடி உயர்கிறது. கிரிக்கெட்டில் ஆஃப்சைடில் பவுண்டரி அடித்தால் கைதட்டுகிறார்களே, எப்படி?
– வாசகர், சிராங்கூன் சாலை

பதில்: காற்பந்தில் அது விதிமீறல். சக வீரர் பந்தை அனுப்பும் நொடியில், எதிரணிப் பாதியில் பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டி நின்று, பிறகு ஆட்டத்தில் தலையிட்டால் கொடி உயரும். கிரிக்கெட்டில் அது வெறும் திசை: பந்துவீச்சாளரை நோக்கும் வலக்கை மட்டையாளருக்கு வலப்பக்கம், இடக்கையருக்கு இடப்பக்கம். ஹாக்கியோ அந்த விதியையே 1990களில் கைவிட்டுவிட்டது.

குதிரைக்கும் ஆஃப்சைடு உண்டு. உங்கள் பேட்டையின் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்த ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடல் 1933 வரை இயங்கியது. குதிரைக்காரர்களுக்கு ஆஃப்சைடு என்றால் குதிரையின் வலப்பக்கம், ஏறுவது இடப்பக்கமிருந்து. சிங்கப்பூர்க் காரில் ஓட்டுநர் உட்காரும் வலப்பக்கமும் ஆஃப்சைடுதான். பிள்ளைகளுக்கு விளக்கும்போது எந்த ஆட்டம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், குழப்பம் வராது.